ஒரு சின்ன செட்டிங்

செட்டிங்காரர் என்றோர் இனம் நம்மிடையே வாழ்கிறது. அருகிவரும் இனமன்று, நாளொரு கருவியும் பொழுதொரு பொத்தானுமாகப் பெருகிவரும் இனம். பழுதான பொருளைச் சரிசெய்பவரைத் தொழில் தெரிந்தவர் என்கிறோம். சரியான பொருளைப் பழுதாக்குபவரை விஷமி என்கிறோம். சரியாக இருக்கும் பொருளையே மேலும் சரிசெய்கிறேன் என்று உட்காருகிறாரே ஒருவர், அவரை என்னவென்று சொல்வது? புலவர்கள் பெயரிடத் தவறிய இடத்தில் தெருவே பெயரிட்டுவிட்டது.

இவரை அடையாளம் காண்பது எளிது. உங்கள் வீட்டுக்குள் நுழையும்போது உங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார். தொலைக்காட்சிப் பெட்டியின் முதுகைப் பார்ப்பார். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு டெஸ்டர் செருகியிருக்கும். பேனாவில் மை இராது. நீங்கள் காப்பி கொண்டுவர உள்ளே சென்று திரும்புவதற்குள் சுவர்க் கடிகாரம் மேசைமேல் குப்புறக் கிடக்கும், மின்விசிறி எப்போதும் சுற்றிய திசையை விட்டுவிட்டு யோசித்துக்கொண்டிருக்கும், முதல் எண்ணில் வந்துகொண்டிருந்த செய்தி முப்பத்தேழாம் எண்ணுக்குக் குடிபெயர்ந்திருக்கும். கேட்டால் சிரிப்பார். “ஒண்ணுமில்லீங்க, ஒரு சின்ன செட்டிங்.”

அவருடைய மொழியில் வாக்கியங்கள் நான்கே. வந்தவுடன், “இதை யாரு இப்படி வச்சது?” வேலையின் நடுவே, “ஒரு சின்ன செட்டிங்தான்.” கருவி நின்றுபோனதும், “நான் போனப்புறம் யாரு தொட்டது?” எல்லாம் கைமீறியபின், “நம்ம பக்கம் கரெக்டுங்க, அந்தப் பக்கத்துலதான் ப்ராப்ளம்.” இந்நான்கையும் வைத்துக்கொண்டு ஒருவர் மரியாதையோடு ஓர் ஆயுளைக் கழித்துவிடலாம், பலர் கழித்திருக்கிறார்கள். இவற்றுள் ஒன்று குறைவதைக் கவனித்தீர்களா? ‘உங்களுக்கு என்ன வேண்டும்?’ என்னும் வாக்கியம். அதை அவர் கேட்டதாக எங்கும் செய்தியில்லை.

இன்னொன்று: அவர் கூலி வாங்கமாட்டார். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. கூலி வாங்கியவனைத் திட்டலாம்; திருப்பி அனுப்பலாம்; நாளை வராதே என்று சொல்லலாம். அன்பினால் வந்தவரை என்ன செய்வது? காப்பி கொடுக்கலாம். கொடுத்தால் மறுநாளும் வருவார்.

இவ்வினத்தில் முழு வளர்ச்சி பெற்ற ஒருவரை நான் பெரிய காஞ்சிபுரத்தில் கண்டேன். பெயர் மயில்வாகனம். ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை. அந்த வேலையைப் பற்றி அவரும் பேசமாட்டார், அலுவலகமும் பேசாது. சென்னைக்குப் போய் ஆறு மாதம் கணினிப் படிப்புப் படித்தவர். அந்த ஆறு மாதத்தை அவர் விவரிக்கக் கேட்டால் ஆறு ஆண்டு ஆகும்.

அவர் கையில் அகப்பட்டது லோகாம்பாளின் தொலைபேசி.

லோகாம்பாளைத் தெரியாதவர் அந்தப் பக்கத்தில் இல்லை. கணவர் விட்டுச்சென்ற பட்டுத் தொழிலை ஏகாம்பரநாதர் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த வீட்டின் முன்னறையில் வைத்து நடத்திவந்தார். விளம்பரப் பலகை கிடையாது. மாகறலிலும் திருமுக்கூடலிலும் அவருக்கு நெய்து கொடுப்பவர்கள் இருந்தார்கள். பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் கடைக்காரர்கள் கரைக்கும் முந்தானைக்கும் மாதிரி வரைந்து ஃபேக்ஸில் அனுப்புவார்கள். ஆனால் அவருடைய பெயர் நின்றது அவற்றால் அன்று. முகூர்த்தப் புடவை அவரிடம் சொல்லிவைத்தால், திருமணத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை அது கைக்கு வந்துவிடும். சின்ன காஞ்சிபுரத்துக் குடும்பங்கள் அன்று மாலை பெருந்தேவித் தாயார் புறப்பாட்டுக்கு முன் புடவையைச் சன்னதியில் வைத்து எடுத்துக்கொண்டு போவார்கள். இருபது ஆண்டில் ஒரு வெள்ளிக்கிழமை தவறியதில்லை. அந்த அம்மாளின் முதலீடு அதுதான்.

தவறாமல் இருந்ததற்கு ஒரு சூட்சுமம் உண்டு. நெய்பவர்கள் வீட்டில் தொலைபேசி இல்லை. ஊர் முனைக் கடையில் ஒரு ரூபாய்ப் பெட்டி இருக்கும். அந்தப் பக்கம் எடுத்தால்தான் காசு, எடுக்காவிட்டால் இல்லை. ஆகவே மணியே மொழியாயிற்று. ஒரு மணி அடித்து வைத்துவிட்டால் ஊடைக்கு, அதாவது குறுக்கிழைக்கு, பட்டு தீர்ந்தது என்று பொருள். இரண்டு அடித்தால் ஜரிகை வேண்டும். மூன்று அடித்தால் புடவை தறியை விட்டு இறங்கிவிட்டது, ஆளை அனுப்புங்கள். மாகறலுக்குக் காலைப் பலகார நேரம், திருமுக்கூடலுக்கு மாலைக் காப்பி நேரம். ஆதலால் யார் அடித்தது என்னும் குழப்பமும் இல்லை. கடைக் கணக்கர் ராமலிங்கம் மணியை விரல்விட்டு எண்ணுவார். மூன்றைத் தாண்டி ஒலித்தால் எடுப்பார். மனிதக் குரல் கேட்டால் பேசுவார். கீச்சென்று கேட்டால் ஃபேக்ஸ் இயந்திரத்தின் பொத்தானை அழுத்துவார், தாள் வரும். என்றேனும் இந்தப் பக்கத்தில் முதல் மணியிலேயே எடுத்துவிட்டால் ‘அவசரம், பேசு’ என்று பொருள். இவ்வளவுதான் இலக்கணம். மீறியவர் இல்லை.

இதைத்தான் மயில்வாகனம் ஒருநாள் காப்பிக் கோப்பையும் கையுமாகப் பார்த்துவிட்டார்.

“என்ன ராமலிங்கம் இது? ரெண்டாயிரமாவது வருஷமே வரப்போவுது, நீங்க இன்னும் விரலை மடக்கிக்கினு இருக்கீங்க!”

“இல்ல சார், மாகறல்லேருந்து மூணு மணி அடிச்சா...”

“இனிமே மணியே அடிக்காதுபா.”

ராமலிங்கம் வாயைத் திறந்தார். மயில்வாகனம் ஏற்கெனவே தொலைபேசியைத் திறந்திருந்தார்.

திட்டம் என்னவென்றால், மோடம் சர்வர். சென்னையில் கடை வைத்திருந்த லோகாம்பாளின் மகன் வாங்கிப்போட்ட கணினி ஒன்று துணி போர்த்திக்கொண்டு மூலையில் கிடந்தது. அதனோடு ஒரு மோடத்தைப் பிணைத்து, தொலைபேசிக் கம்பியை அதன்வழியே விட்டால், வருகிற அழைப்பை அதுவே முதலில் எடுத்துக் காதுகொடுத்துக் கேட்கும். ஃபேக்ஸானால் தானே வாங்கிச் சேமிக்கும். சென்னை மகன் தன் கணினியிலிருந்து அழைத்தால் உள்ளே விட்டுப் புடவை இருப்பைக் காட்டும். மனிதரானால் பேசும் கருவிக்கு மணியை அனுப்பும். “மூணும் ஒரே ஒயர்லம்மா! உங்களுக்கு ஆளே வேணாம்!” என்றார் மயில்வாகனம். ராமலிங்கம் அருகில்தான் நின்றிருந்தார்.

லோகாம்பாள் கேட்டது ஒன்றே. “இப்ப நல்லாத்தானே இருக்குது தம்பி?”

“நல்லாத்தான் இருக்குதும்மா. இன்னும் நல்லா இருக்கும்.”

செட்டிங்காரருடைய வேதாந்தம் முழுவதும் இவ்விரு வாக்கியங்களில் அடங்கும்.

திங்கட்கிழமை அவர் அமர்ந்த காட்சியைப் பார்த்திருக்க வேண்டும். கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்தார், தலையை வாரிக்கொண்டார், கறுத்த திரையில் ‘ஏ.டி.’ என்று தொடங்கும் மந்திரங்களை ஒவ்வொன்றாக உச்சரித்தபடி தட்டினார், தட்டியதை அழித்தார், அழித்ததையே மீண்டும் தட்டினார். மோடம் முதலில் நீளமாக ஊளையிட்டு, பிறகு தொண்டை கட்டிக் கரகரத்து, இறுதியில் டங்டங்கென்று அடித்துக்கொண்டபோது, கச்சேரியில் முன்வரிசையில் இருப்பவரைப்போலக் கண்களை மூடித் தலையை அசைத்தார். எத்தனை மணி அடித்தபிறகு மோடம் எடுக்க வேண்டும் என்று திரை கேட்டது. நான்கு என்றிருந்ததை அவர் ஒன்று ஆக்கினார். ஏன்? நான்கு, அவர் வைத்ததன்று. வேறு காரணம் எதுவும் நம் ஆராய்ச்சிக்கு அகப்படவில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: ஃபேக்ஸ் வந்தது. பெங்களூர்க் கடைக்காரர் அனுப்பிய மயில் கரை மாதிரி திரையில் தெளிவாக விழுந்தது. தெருவில் போனவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். சென்னை மகனும் ஒருமுறை உள்ளே வந்து இருப்பைப் பார்த்துவிட்டுப் போனான். மனிதர்கள்தாம் வரவில்லை. மனிதர் அழைத்தால் மோடம் முதல் மணியிலேயே எடுத்து, நீ ஃபேக்ஸா என்று ஊளையிட்டுக் கேட்கும். பதிலில்லையென்றால், நீ கணினியா என்று கரகரத்துக் கேட்கும். அதற்கும் பதில் சொல்லாமல் பொறுமையாகக் காத்திருப்பவரையே மனிதர் என்று ஒப்புக்கொண்டு மணியை அனுப்பும். அவ்வளவு நேரம் காத்திருப்பவர் மனிதராக இருப்பாரா? நேரில் வந்த வாடிக்கையாளர் ஒருவர், “என்னம்மா, போன் பண்ணா மிக்சி ஓடுது” என்றார். “பழகிடுவாங்கம்மா” என்றார் மயில்வாகனம்.

செவ்வாய்க்கிழமை காலை மாகறலில் ஒரு முகூர்த்தப் புடவை தறியை விட்டு இறங்கியது.

சின்ன காஞ்சிபுரத்துப் பள்ளி ஆசிரியை வரலக்ஷ்மி தம் மூத்த மகள் மானஸாவுக்கென்று சொல்லியிருந்த புடவை அது. அரக்குச் சிவப்பு, பச்சைக் கரை. ஞாயிற்றுக்கிழமை திருமணம். நெய்தவர் துரைக்கண்ணு. அவர் மனைவி பட்டம்மாள் வழக்கம்போல் முனைக் கடைக்குப் போய் எண்ணைச் சுழற்றினாள். ஒரு மணி அடித்தது. எடுத்துவிட்டார்கள். முதல் மணியிலேயே எடுத்தால் அவசரம் அல்லவா? பாவம், காசைப் போட்டுக் காதை வைத்தாள்.

திரும்பி வந்தவளுக்கு முகம் சரியில்லை.

“எடுத்தாங்கபா. எடுத்துட்டு ஒரே அழுகை.”

“யாரு?” என்றார் துரைக்கண்ணு.

“யாருன்னு சொல்ற மாதிரியா அழுவுறாங்க? மொதல்ல ‘ஊ’ன்னு நீட்டிக்கினு, அப்புறம் தொண்டை அடைச்சுக்கினு, நெஞ்சுல அடிச்சுக்கிற சத்தம் வேற கேக்குது. நான் அம்மா அம்மான்றேன், காதுலயே வாங்கல.”

“புடவை ஆயிடுச்சுன்னு சொன்னியா?”

“சாவு ஊட்ல போயி அதைச் சொல்லுவாங்களா? வாயை மூடிக்கினு வந்துட்டேன்.”

துரைக்கண்ணு புடவையை மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். ஒரு மனிதர் அதைவிடப் பொருத்தமாக நடந்துகொண்டிருக்க முடியாது. கேட்டது அழுகை, கேட்ட இடம் அம்மாள் வீடு, அங்கே மங்கலப் பொருளை எடுத்துக்கொண்டு போகலாகாது. எந்தப் பிழையும் இல்லாத முடிவு. பிழை அந்தப் பக்கத்தில்தான் இருந்தது.

இங்கே பெரிய காஞ்சிபுரத்தில் மயில்வாகனம் திரையைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். ‘இனம் தெரியாத அழைப்பு, இணைப்புத் தோல்வி’ என்று காட்டியது. புதன்கிழமை காலை அதே நேரத்தில் மீண்டும் அதே வரி. அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

“பாருங்க ராமலிங்கம், எவனோ ஒருத்தன் ஓட்டை ஃபேக்ஸ் மெஷினை வச்சிக்கினு டெய்லி ட்ரை பண்றான். நம்ம ஸ்பீடு அதுக்குத் தாங்கல. நம்மதான் கொஞ்சம் எறங்கி வரணும்.”

“காலைப் பலகார நேரம் சார். மாகறல்காரங்களா இருக்கப்போவுது.”

“மாகறல்ல ஏதுபா ஃபேக்ஸு?”

அன்று முழுவதும் மயில்வாகனம் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்தார். அந்த இயந்திரம் எப்படிப்பட்டதாக இருக்கும், எந்த நாட்டில் செய்ததாக இருக்கும், எத்தனை காலத்துக்கு முந்தியது என்றெல்லாம் ஊகித்து, அதன் குறைகளுக்கெல்லாம் இடங்கொடுத்து, ஒரு தாயின் பரிவோடு அமைப்புகளை மாற்றினார். பட்டம்மாளோடு கைகுலுக்குவதற்காக ஒரு மனிதர் இவ்வளவு பாடுபட்டது காஞ்சியின் சரித்திரத்தில் அதுவே முதன்முறை.

வேகத்தைக் குறைத்ததன் பயன் மாகறலுக்குப் போய்ச் சேர்ந்தது. வியாழக்கிழமை பட்டம்மாள் கேட்ட அழுகை முன்னிலும் மெதுவாக, முன்னிலும் நீளமாக, ஆழத்திலிருந்து வந்தது.

அதற்கு முந்திய மாலைதான் வரலக்ஷ்மி வந்து போனார். “லோகாம்பா, வெள்ளிக்கிழமைக்கு வந்துடுமோன்னோ? மாப்பிள்ளை ஆத்துலேருந்து எல்லாரும் சன்னதிக்கு வரா.”

“எப்பனாச்சும் தவறியிருக்குதாம்மா?” என்று சொல்லி அனுப்பிவிட்டார் லோகாம்பாள். ஆனால் வியாழக்கிழமை காலை அவரே வந்து முன்னறையில் நின்றார்.

“ராமலிங்கம், மாகறல்லேருந்து மூணு மணி வந்துச்சா?”

“மணி சத்தமே காணோம்மா. நான் ஒரு எட்டு போயிப் பாத்துட்டு வந்துடறேன்.”

செட்டிங்காரர் திரும்பினார். பொறுமையற்றவர்களிடம் பேசும் குரல் ஒன்று அவரிடம் உண்டு. “எதுக்கும்மா வீணா அலைய விடுறீங்க? ஒரு கால் வந்தாலும் நம்ம சிஸ்டத்துல விழாம போவாது. வரலன்னா புடவை ஆவலன்னு அர்த்தம். இப்ப ராமலிங்கம் எனக்கு வேணும். பக்கத்துத் தெரு பூத்துலேருந்து அவரு டெஸ்ட் கால் பண்ணாத்தான் இந்த ஓட்டை மெஷின் விஷயத்தை முடிக்க முடியும்.”

லோகாம்பாள் தயங்கினார். திரையில் வரிவரியாக ஆங்கிலம் ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவு எழுதுகிற ஒன்று பொய்யா சொல்லும்? பூஜை அறைக்குப் போய்விட்டார். ராமலிங்கம் பூத்துக்குப் போனார். முன்னறையில் மயில்வாகனமும் மோடமும் மட்டும் இருந்தபோது, மாகறலின் நேரம் வந்தது.

இந்த முறை அவர் மோடத்தின் ஒலிபெருக்கியைத் திறந்து வைத்திருந்தார். மோடம் எடுத்தது, ஊளையிட்டது, கரகரத்தது. அந்த இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண்குரல் தெளிவாகக் கேட்டது.

“யம்மா... மூணு நாளா அழுவுறீங்களே... யாரும்மா போனது? கொஞ்சம் மனசைத் தேத்திக்கோங்கம்மா. நாங்க வர்றோம்...”

மயில்வாகனம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். ஒரு சொல்லையும் விடவில்லை. பிறகு வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

“க்ராஸ் டாக். எவளோ எங்கயோ துக்கம் விசாரிச்சிக்கினு இருக்கிறா. இந்த எக்ஸ்சேஞ்சையே ஒரு நாளைக்கு செட்டிங் பண்ணணும்.”

ஒலிபெருக்கியை மூடிவிட்டு, வேகத்தை இன்னும் ஒரு படி குறைத்தார்.

மாகறலில் பட்டம்மாள் கணவரிடம் சொன்னாள்: “அழுது அழுது தொண்டையே எறங்கிப்போச்சுபா. மூணு நாளா ஓயலன்னா சின்ன சாவு இல்ல.”

“அப்ப அம்மாதான்” என்றார் துரைக்கண்ணு.

வெள்ளிக்கிழமை முற்பகல். லோகாம்பாள் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தார். மாலை புறப்பாட்டுக்குள் புடவை வர வேண்டும், மணி வரவில்லை. மயில்வாகனம் அன்றும் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மோடத்தின் முன் குனிந்திருந்தார். அப்பொழுது தெருவில் எங்கோ ஓர் ஒப்பாரி எழுந்தது. ‘ஊ’ என்று நீண்டது, தொண்டை அடைத்தது, நெஞ்சில் அடித்துக்கொள்ளும் ஓசையும் சேர்ந்தது.

மயில்வாகனம் கையை நீட்டி மோடத்தின் ஒலியைக் குறைத்தார். ஒப்பாரி குறையவில்லை. இன்னும் குறைத்தார். அது வாசலுக்கே வந்துவிட்டது.

“ஸ்பீக்கர் ஸ்டக் ஆயிடுச்சு” என்றார்.

வாசலில் பட்டம்மாள் தலைவிரி கோலமாக நின்றாள். பின்னால் துரைக்கண்ணு, கையில் வாழையிலையில் சுற்றிய பெரிய ரோஜா மாலை. “என் ராசாத்தி, பட்டு கட்டின மகராசி...” என்று பட்டம்மாள் அடுத்த அடியை எடுத்தபோது, மகராசி உள்ளேயிருந்து வெளியே வந்தார்.

ஒப்பாரி அந்தரத்தில் நின்றது.

“என்னடி பட்டம்மா?” என்றார் லோகாம்பாள்.

பட்டம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பின்பு எட்டி உள்ளே பார்த்தாள். ராமலிங்கம் நின்றிருந்தார், உயிரோடுதான்.

“அப்ப யாரும்மா?”

“யாரு என்ன?”

“போனது.”

“யாரும் போவலடி! எவன் சொன்னான்?”

“நீங்கதானம்மா! தெனம் நான் போன் பண்றேன், தெனம் எடுத்து வச்சிக்கினு அழுவுறீங்க. நேத்து தொண்டையே இல்ல உங்களுக்கு. நான் எவ்ளோ சமாதானம் சொன்னேன்!”

எல்லாரும் மெல்லத் திரும்பி ஒரே இடத்தைப் பார்த்தார்கள். மோடத்தின் சிவப்பு விளக்குகள் கண்சிமிட்டிக்கொண்டிருந்தன. அதன் பக்கத்தில் இருந்தவருடைய விளக்கு மட்டும் இன்னும் எரியவில்லை.

“ஓ, நீங்கதானா அந்த ஓட்டை மெஷினு?” என்றார் மயில்வாகனம்.

லோகாம்பாள் அவரைப் பார்க்கவில்லை. துரைக்கண்ணுவைப் பார்த்தார். குரல் தாழ்ந்திருந்தது. “புடவை எங்கப்பா?”

“சாவு ஊட்டுக்கு முகூர்த்தப் பொடவையை எப்படிம்மா எடுத்துக்கினு வர்றது? செவ்வாக்கெழமையே எறங்கிடுச்சு. பெட்டில வச்சிப் பூட்டியிருக்குது. காரியம் முடிஞ்சப்பறம் குடுக்கலாம்னு...”

“நேத்து ராமலிங்கத்தை அனுப்பியிருந்தா வந்திருக்கும்.” இதையும் அவர் மயில்வாகனத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அதுதான் கடினமாக இருந்திருக்கும், கேட்கக்கூடியவராக இருந்திருந்தால்.

அவர் கேட்கக்கூடியவராக இல்லை. “என் ஸ்கூட்டர்ல நான் போயிட்டு வந்துடறேன்மா” என்று எழுந்தார்.

“அதையும் நீதானே செட்டிங் பண்ணியிருக்கே? வேணாம். துரைக்கண்ணு, ராமலிங்கத்தைக் கூட்டிக்கினு பஸ்ஸைப் புடி. ஓடு.”

அவர்கள் ஓடினார்கள். மாலை மட்டும் பட்டம்மாள் கையில் எஞ்சியது. அதை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. ஒருவருக்கென்று கட்டிய மாலையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகவும் மனமில்லை. லோகாம்பாள் அதை வாங்கினார். நேராக உள்ளே போய் மோடத்துக்குப் போட்டார். பிறகு சுவரிலிருந்த கம்பியைப் பிடுங்கினார். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

“இப்ப அழுடி” என்றார் பட்டம்மாளிடம்.

கதை இங்கே முடிந்திருந்தால் நாமும் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். முடியவில்லை. மாகறல் பேருந்து தனக்கென்று ஒரு காலக்கணக்கு வைத்திருப்பது. அன்றும் அது தன் கணக்கின்படியே வந்தது. ராமலிங்கம் புடவைப் பெட்டியோடு சின்ன காஞ்சிபுரத்தில் இறங்கி ஓடிப்போய்ச் சேர்ந்தபோது, தாயார் புறப்பாடாகித் திரும்பிச் சன்னதிக்குத் திரையும் விழுந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வெறும் தட்டைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் சொல்லாததை வரலக்ஷ்மியின் முகம் சொல்லிற்று. மானஸா பெட்டியைத் திறந்து, அரக்குச் சிவப்பை இரு கையிலும் ஏந்தி, திரைக்கு முன்னால் ஒரு கணம் பிடித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டாள்.

பின்னாலேயே மூச்சிரைக்க வந்த லோகாம்பாளிடம் வரலக்ஷ்மி கோபப்படவில்லை. “புடவை ரொம்ப நன்னா இருக்கு லோகாம்பா” என்றார். ஞாயிற்றுக்கிழமை மானஸா அதைத்தான் உடுத்தினாள். இரண்டாம் மகள் ஸுபத்ராவுக்குத் திருமணம் நிச்சயமானபோது, முகூர்த்தப் புடவை வேறு கடையில் எடுத்தார்கள். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு வீடு செய்வதை நான்கு வீடுகள் கவனிக்கும்.

பழைய ஃபேக்ஸ் இயந்திரம் திரும்பி வந்தது. ராமலிங்கம் மீண்டும் விரல்விட்டு எண்ணுகிறார். மாகறலிலிருந்து மூன்று மணி வந்தால், போனவர் மீண்டதுபோல முன்னறையில் எல்லாரும் ஒருமுறை மூச்சுவிடுகிறார்கள்.

மயில்வாகனம்? அவருக்கு வருத்தம்தான். ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்: “நம்ம பக்கம் பர்ஃபெக்டா இருந்துச்சுங்க. ஃபேக்ஸு வந்துச்சு, டயல்-அப் வந்துச்சு. அந்த மாகறல் பக்கத்துல ஒரு மோடம் வச்சிருந்தா இந்த ப்ராப்ளமே இல்ல.” பட்டம்மாளுக்கு ஒரு மோடம் வாங்கிக் கொடுக்க அவர் உண்மையிலேயே யோசித்தார் என்று கேள்வி. கூலி இல்லாமல்.

நீங்கள் இதுவரை நன்றாகச் சிரித்திருப்பீர்கள். உங்கள் சட்டைப் பையில் டெஸ்டர் இல்லை. மோடத்துக்கும் உங்களுக்கும் காத தூரம். மகிழ்ச்சி. ஆனால் டெஸ்டர் இவ்வினத்தின் புற அடையாளம் மட்டுமே என்பதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். மயில்வாகனம் நான்கை ஒன்றாக மாற்றியதோ வேகத்தைக் குறைத்ததோ பெரிதன்று. எந்தக் குழந்தையும் செய்யும். தன்னிடம் பேசிய மனிதக் குரலை முழுதாகக் கேட்டு, ஒரு சொல் விடாமல் கேட்டு, அது வேறு யாருக்கோ என்று ஒலியைக் குறைத்தாரே, அந்தக் கைதான் இனத்தின் கை.

உங்கள் வீட்டிலும் ஒருவர் சில நாளாக ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கலாம். ஒரே நேரத்தில் வருவார். ஒரே விஷயத்தைத் தொடங்குவார். நீங்களும் கனிவோடு அவருக்கு என்ன கோளாறு என்று ஆராய்ந்திருப்பீர்கள். அவருக்கு ஏற்றபடி உங்கள் வேகத்தைக்கூடச் சற்றுக் குறைத்திருப்பீர்கள். என்ன வேண்டும் என்று கேட்டீர்களா?

இல்லையா? அவசரமில்லை. இந்தப் பக்கத்தை முடித்துவிட்டு எழுந்து வாசல்வரை போய்ப் பாருங்கள். கையில் மாலையோடு யாரேனும் வந்துகொண்டிருந்தால், அது யாருக்கு என்று மட்டும் கேட்டு வையுங்கள்.